கொடும்பாவியும் கஞ்சித் தொட்டியும்
இயற்கைப் பேரிடரும் சமய உள்ளமும்: ஒரு வரலாற்று நோக்கு

திருத்தணிகை மலைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பொதட்டூர்பேட்டை. நெசவே இவ்வூரின் உயிர்த்தொழில். சுற்றியுள்ள சிற்றூர்கள் ஏரியையும் கிணற்றையும் நம்பிப் பயிர் செய்வன. அருகே ஓடும் கொசத்தலையாறு ஆண்டு முழுதும் நீர் காணும் ஆறன்று. பெய்தால் பெருகும், பொய்த்தால் மணலாய்க் கிடக்கும். மழை தவறினால் முதலில் வாடுவது உழவன் வயல். அடுத்து வாடுவது நெசவாளன் தறி. தானியத்தின் விலை ஏறியபின் புதுத்துணி வாங்குவார் எவர்? வயல் காய்ந்த சில திங்களிலேயே தறியின் ஓசையும் அடங்கிவிடும். ஆகவே வானத்தை அண்ணாந்து நோக்கும் வழக்கம் இப்பகுதியில் ஏர் பிடித்தவனுக்கும் உண்டு, நாடா எறிந்தவனுக்கும் உண்டு.

இந்நிலப்பகுதி முற்காலத்தில் கார்வேட்டிநகர் சமீனைச் சார்ந்திருந்தது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்திலும், பின்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும் அடங்கியிருந்து, 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. எல்லைகள் மாறின, ஆட்சிகள் மாறின. மழை தவறும்போதும் வெள்ளம் பெருகும்போதும் மக்கள் நெஞ்சில் எழும் வினாக்கள் மட்டும் மாறவில்லை. அவ்வினாக்கள் இரண்டு. ‘இத்துன்பம் ஏன் வந்தது?’ என்பது ஒன்று. ‘இனி நாம் என்ன செய்வது?’ என்பது மற்றொன்று. உலகின் சமயங்கள் அனைத்தும் இவ்விரண்டுக்கும் விடை கூற முயன்றுள்ளன. முதல் வினாவுக்குக் கூறிய விடைகள் மக்களைப் பெரும்பாலும் பிரித்தன. இரண்டாம் வினாவுக்குக் கூறிய விடைகள் பெரும்பாலும் சேர்த்தன. இதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழ் நூல்கள் காட்டும் இரு விடைகள்

கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்தவர் வள்ளுவப் பெருந்தகை. வானம் வறண்டால் வானோர்க்கும் இவ்வுலகில் விழாவும் பூசனையும் இல்லாமற்போகும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. வழிபாட்டினால் மழை வரும் என்னும் நம்பிக்கை பரவியிருந்த நாட்டில், மழையினால்தான் வழிபாடே நிற்கிறது என்று அமைதியாக எடுத்துரைத்த தெளிவு வியக்கத்தக்கது.

மணிமேகலைக் காப்பியத்தில் இரு விடைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. புகார் நகரைக் கடல் கொண்டது ஏன்? மகனைப் பிரிந்த துயரில் ஆழ்ந்த சோழ மன்னன் இந்திர விழாவை மறந்தான். அதனால் நகர் கடல்வாய்ப் பட்டது என்று காப்பியம் காரணம் கூறுகிறது. ஒருவன் மறதிக்கு ஒரு மாநகரமே தண்டிக்கப்பட்டது என்பது இதன் பொருள். அதே காப்பியத்தில், பன்னீராண்டு வற்கடத்தால் பாண்டிநாடு நலிந்தபோது ஆபுத்திரன் அமுதசுரபியை ஏந்தி வந்தவர்க்கெல்லாம் சோறிட்டான். அவன் செயல் கண்டு இந்திரனே இறங்கி வந்தும் அவனிடம் வரம் கேட்கவில்லை. தன்னை மதியாத அவனது பாத்திரத்தைப் பயனற்றதாக்க எண்ணிய இந்திரன், நாடெங்கும் மழை பொழிவித்தான். பசித்தோரைத் தேடி அலைய வேண்டிய நிலை ஆபுத்திரனுக்கு வந்தது. விழாவை மறந்ததற்குக் கடலை ஏவிய தெய்வம், சோறிட்டவனை வெல்ல மழையைத்தான் ஏவ முடிந்தது. சாத்தனார் இவ்விரு கதைகளையும் ஒரே நூலில் வைத்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சைவ மரபிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது நாவுக்கரசரும் ஞானசம்பந்தரும் இறைவனிடம் நாள்தோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுது படைத்தனர் என்று பெரியபுராணம் கூறுகிறது. பஞ்சம் யார் செய்த பிழையால் வந்தது என்ற ஆராய்ச்சியில் அவ்விருவரும் இறங்கவில்லை. காசு வந்தது, அரிசி வாங்கப்பட்டது, உலை கொதித்தது. அடியார் பசியாறினர்.

வைக்கோற் பாவையின் மேல் ஏற்றிய பழி

நூலறிந்தோர் மரபு இவ்வாறிருக்க, நாட்டுப்புற மக்கள் தமக்கெனச் சில சடங்குகளை வகுத்துக்கொண்டனர். அவற்றுள் ஒன்று கொடும்பாவி கட்டி இழுத்தல். ஊரில் எவரோ பெரும்பாவம் செய்ததால்தான் மழை பொய்த்தது என்பது நம்பிக்கை. அப்பாவியின் உருவை வைக்கோலாலோ களிமண்ணாலோ செய்து, தெருத்தெருவாக இழுத்துச் சென்று, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்க, ஊர் எல்லையில் கொளுத்திவிடுவர்.

இது மூடப்பழக்கம் என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது எளிது. எனினும் இதனுள் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. பஞ்சக் காலத்தில் ஊர் கொதித்திருக்கும். பழி சுமக்க ஓர் ஆளைத் தேடும். கணவனை இழந்தவள், வேற்றூரான், எளிய குலத்தவன் என்று எவர்மேலும் அப்பழி பாயலாம். கொடும்பாவிக்கோ பெயரில்லை, குலமில்லை, வீடில்லை. ஊரின் சினம் வைக்கோலில் எரிந்து அடங்குகிறது. உயிருள்ள எவனும் எரிவதில்லை.

மழைச்சோறு எடுத்தல் மற்றொரு வழக்கம். பெண்கள் வீடு வீடாகச் சென்று உப்பில்லாச் சோறும் கூழும் இரந்து பெற்று, ஓரிடத்தில் கொட்டி, ஒன்றாகக் கலந்து, எல்லாரும் பகிர்ந்து உண்பர். ஊரை விட்டே போகிறோம் என்று வானத்தை நோக்கி அழுவர். உள்ளவன் வீட்டுச் சோறும் இல்லாதவன் வீட்டுக் கூழும் அன்று ஒரே கலத்தில் சேரும். தெலுங்கு பேசும் ஊர்களில் முறத்தில் தவளையைக் கட்டி வேப்பிலை சார்த்தி வீடுதோறும் கொண்டுசெல்வர். வீட்டார் அதன்மேல் நீர் ஊற்றுவர். திருத்தணிகை, சித்தூர் வட்டாரங்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும், கூத்தாடுவதும், அருச்சுனன் தவத்துக்கு மரம் ஏறுவதும் இன்றும் நிகழ்கின்றன. விராட பருவம் படித்தால் மழை பெய்யும் என்பது தமிழகமெங்கும் வழங்கிய நம்பிக்கை. இச்சடங்குகளால் மேகம் திரளாது என்பதை இன்றைய அறிவு உணர்த்தும். ஆயினும் அச்சத்தில் தனித்தனியே ஒடுங்கிக் கிடந்த ஊரை அவை தெருவுக்கு அழைத்து வந்தன. ஒருவர் அடுப்பின் நிலையை மற்றவர் அறிந்துகொள்ள அது வழி செய்தது.

தாது வருடப் பஞ்சம்

சடங்குகளால் தாங்க முடியாத அளவுக்குத் துன்பம் வந்த காலம் தாது வருடம். 1876-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்துப் பொய்த்தன. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமுற்றதே அதற்கு மூலம் என இன்றைய வானிலை அறிஞர் கூறுவர். அன்று அது எவருக்கும் தெரியாது. வட ஆர்க்காடு, கடப்பை, கர்நூல், பல்லாரி, சேலம், கோவை முதலிய மாவட்டங்கள் பெரிதும் நலிந்தன. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இறந்தோர் தொகை 50 இலட்சத்துக்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. இருப்புப்பாதை வழியே தானியம் துறைமுகங்களுக்குச் சென்று கப்பலேறியது. சந்தையின் போக்கில் அரசு குறுக்கிடலாகாது என்பது ஆட்சியாளர் கொள்கை. அதுவும் ஒருவகைச் சமய நம்பிக்கை போன்றே கேள்வியின்றிக் காக்கப்பட்டது. 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் அளவுக்குக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மறுத்து வாதாடினார்.

அப்பஞ்சத்தைப் பாடிய நூல்களுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது, சிவகங்கை வில்லியப்ப பிள்ளை இயற்றி 1899-இல் வெளிவந்த பஞ்சலட்சணத் திருமுக விலாசம். பசியால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிடுகின்றனர். அவரோ சிவகங்கைச் சமீன்தாருக்கு ஒரு திருமுகம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். பாணபத்திரனுக்குப் பொருள் தருமாறு சேரமானுக்கு இறைவன் ஓலை விடுத்த திருவிளையாடலின் எதிரொலி இது. எள்ளலும் துயரும் கலந்த இந்நூலின் உட்பொருள் தெளிவானது. பஞ்சத்தில் கடவுளின் விடையும் ஒரு மனிதன் கைவழியேதான் வந்து சேர வேண்டும்.

அக்கைகள் எவை? மூன்று சமயச் சான்றோரை இங்கு நினைவுகூரலாம்.

முதல்வர் இராமலிங்க வள்ளலார். தாது வருடத்துக்கு முன்பே, 1867 மே 23 அன்று, வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம், நாடு எனும் வேற்றுமை பாராது பசித்தோர்க்கு உணவளிப்பதே சாலையின் நெறி. பசியை நீக்கும் சீவகாருணியமே கடவுள் வழிபாடு என்பது அவர் கோட்பாடு. 1874-இல் அவர் மறைந்தபின்னும் அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

இரண்டாமவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். வள்ளலார் பாடல்களை அருட்பா என ஏற்க மறுத்தவர். 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்ற வழக்குக்கு உரியவர். சமயக் கோட்பாட்டில் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். அத்தகைய நாவலர், 1877-இல் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் கொள்ளைநோயும் பரவியபோது கஞ்சித் தொட்டித் தருமத்தை ஏற்படுத்திப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். துயர் துடைக்கத் தவறிய அரசாங்க அதிபர் துவைனம் துரையைக் கண்டித்து எழுதவும் அவர் அஞ்சவில்லை. சாதி ஒழுக்கம் பற்றிய நாவலரின் நோக்கு இன்றும் விவாதத்துக்கு உரியதே. ஆயினும் வடலூர் அடுப்பையும் யாழ்ப்பாணத்துத் தொட்டியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். எது அருட்பா என்பதில் ஒன்றுபடாதவர்கள் எது அறம் என்பதில் ஒன்றுபட்டனர்.

மூன்றாமவர் ஓங்கோலில் பணியாற்றிய அமெரிக்கப் பாப்திஸ்து ஊழியர் ஜான் கிளஃப். பஞ்ச நிவாரணப் பணியாக நடந்த பக்கிங்காம் கால்வாய் வேலையில் ஏறத்தாழ மூன்றரை மைல் நீளத்துக்கு ஒப்பந்தம் எடுத்து, எளிய மக்களுக்குக் கூலி கிடைக்கச் செய்தார். ஞானத்தீட்சை கேட்டு வந்தோர் பலர். சோற்றுக்காகச் சமயம் மாறினர் என்ற பழி வரலாகாது என எண்ணிப் பஞ்சம் நீடித்த ஓராண்டுக்கும் மேலாக ஒருவருக்கும் தீட்சை அளிக்க மறுத்தார். பஞ்சம் தணிந்தபின் 1878 சூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் தீட்சை பெற்றனர். பசிக்கும் நம்பிக்கைக்கும் இடையே உள்ள உறவு குறித்த ஐயம் அதனாலும் முற்றும் தீர்ந்துவிடவில்லை. எனினும் பசித்தவனின் தட்டையும் அவன் மனச்சான்றையும் வேறு வேறாக வைத்துப் பார்க்க ஒருவர் முயன்றார் என்பது பதிவு செய்யத்தக்கது.

திருநெல்வேலியில் எழுந்த வாதம்

சோறிடுவதில் ஒன்றுபட்ட சமய உள்ளம், காரணம் கூறப் புகுந்தபோது எத்துணைச் சிக்கலுக்கு ஆளாகும் என்பதற்கு 1934-இல் தமிழ் மண்ணிலேயே ஒரு சான்று கிடைத்தது. அவ்வாண்டு சனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெருநிலநடுக்கம் உலுக்கியது. பல்லாயிரவர் மாண்டனர். அரிசன முன்னேற்றத்துக்காகத் தமிழகத்தில் பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், சனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசியபோது, தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் விதித்த தண்டனையே அந்நிலநடுக்கம் எனத் தாம் நம்புவதாகக் கூறினார்.

இக்கூற்று கவி தாகூரை வருத்தியது. தீண்டாமையை ஒழிப்பதில் அவரும் காந்தியடிகளின் பக்கம் நின்றவரே. ஆயினும், இயற்கையின் அழிவுகளுக்கு இயற்கையிலேயே காரணம் தேட வேண்டும் என்றார். குற்றவாளியையும் குழந்தையையும் ஒருங்கே நசுக்கும் தண்டனையை இறைவன்மேல் ஏற்றினால் மனிதரின் நீதியுணர்வு இறைவனது நீதியினும் உயர்ந்ததாகிவிடும் என்றார். எதிர்த்தரப்பார் இதே வாதத்தைக் காந்தியடிகள்மேலும் அவர் அன்பர்கள்மேலும் திருப்பிவிட எவ்வளவு நேரம் ஆகும் என்றும் வினவினார். காந்தியடிகள் இம்மறுப்பைத் தம்முடைய ‘அரிசன்’ இதழிலேயே, பிப்ரவரி 16 அன்று, தம் விடையோடு வெளியிட்டார். தம் நம்பிக்கையை மெய்ப்பிக்கத் தம்மால் இயலாது என்பதை ஒப்புக்கொண்டார். அது பிழையாகவே இருந்தாலும் தம்மையும் தம்மோடு நம்புவோரையும் தூய்மைப்படுத்திக்கொள்ளத் தூண்டும் என்றார்.

இருவருள் எவர் கூற்று சரி? அறிவு நெறியில் தாகூரின் வாதமே நிற்கிறது. இடிபாட்டில் சிக்கியோருள் தீண்டாமைக்கு ஆளானோரும் இருந்தனர். தாம் பட்ட கொடுமைக்கே தாம் தண்டிக்கப்பட்டனர் என்று கூற எந்த நீதியும் இடந்தராது. ஆனால் காந்தியடிகளின் விரல் எத்திசையில் நீண்டது என்பதும் கருதத்தக்கது. அவர் சுட்டிய பாவி வேற்றுச் சமயத்தான் அல்லன், எளியவனும் அல்லன். தம்மையும் உள்ளடக்கிய மேற்சாதி இந்துச் சமுதாயத்தையே அவர் குற்றக்கூண்டில் ஏற்றினார். பின்னர்ப் பீகாருக்கே சென்று நிவாரணப் பணியில் ஈடுபட்டார். அங்கு இராசேந்திரப் பிரசாத்தின் தலைமையில் துயர் துடைப்புக் குழு இயங்கியது. பழியைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் விளக்கத்துக்கும் பிறன்மேல் சுமத்தும் விளக்கத்துக்கும் வேறுபாடு பெரிது. ஆயினும் ஒரே வாளின் இரு முனைகள் அவை. வாளைக் கையிலெடுத்தபின் அது எவர் கையில் முடியும் என்பதை முதலில் எடுத்தவர் தீர்மானிக்க இயலாது. தாகூரின் அச்சம் அதுவே.

லிசுபனும் வேளாங்கண்ணியும்

அத்தகைய அச்சத்துக்கு அடிப்படை ஐரோப்பிய வரலாற்றிலும் உண்டு. 1755 நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவரின் திருநாளன்று, தேவாலயங்களில் மக்கள் நிரம்பியிருந்த காலை வேளையில் போர்த்துகல் தலைநகர் லிசுபன் நடுங்கி இடிந்தது, கடல் பொங்கியது, தீ பரவியது. நகரின் பாவமே காரணம், இயற்கையைக் காரணமாகக் கூறுதல் தகாது என்று மலக்ரிடா என்னும் துறவி நூலெழுதி மக்களைத் தவத்துக்கு அழைத்தார். நகரை மீண்டும் கட்ட முனைந்த அமைச்சர் பொம்பாலுக்கு அது பொறுக்கவில்லை. மலக்ரிடா பின்னர் வேறு குற்றச்சாட்டுகளின் பேரில் 1761-இல் கொல்லப்பட்டார். காரணம் பற்றிய பூசல் ஒருவர் உயிரையும் வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. அதே பொம்பால் நாட்டின் பங்குக் குருமார்க்கு வினாப்பட்டியல் அனுப்பினார். அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் உள்வாங்கியதா, எத்தனைபேர் மாண்டனர் என்றெல்லாம் கேட்டார். குருமார் கண்டதைக் கண்டவாறு எழுதி அனுப்பினர். நிலநடுக்க ஆராய்ச்சிக்கு அவ்விடைகள் இன்றும் பயன்படுகின்றன.

இரண்டரை நூற்றாண்டு கழித்து, அவ்வாறே ஒரு திருநாளின் மறுநாள், தமிழகத்தின் கடற்கரைக்கு அதே சோதனை வந்தது. 2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா அருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டது. வேளாங்கண்ணியில் கிறித்துமசு விழாவுக்கு வந்த திருப்பயணிகள் பலர் கடற்கரையிலேயே மாண்டனர். பேராலயத்தினுள் நீர் புகாததை அன்னையின் அருஞ்செயலாகப் பலர் போற்றினர். மாண்டோரும் அதே அன்னையை நாடி வந்தவர்களே என்ற வினா, உற்றாரை இழந்தோர் நெஞ்சில் மெல்ல எழுந்தது. முந்திய மாதம் காஞ்சி மடாதிபதி கைது செய்யப்பட்டதே காரணம் என்றனர் சிலர். இறுதிநாளின் அடையாளம் என்றனர் வேறு சிலர். தலைமுறை தலைமுறையாகத் தாய் என்று அழைத்த கடல் ஏன் இவ்வாறு செய்தாள் என்று மீனவப் பெண்கள் கரையில் அமர்ந்து அழுதனர். முன்னைய விளக்கங்களில் தீர்ப்பு இருந்தது. இவ்வழுகையில் இருந்தது துயரம் மட்டுமே.

காரணங்கள் இவ்வாறு பலவாகப் பிரிந்து நின்றபோது செயல் ஒன்றாயிற்று. பரங்கிப்பேட்டை முசுலிம் சமாத்தினர் அண்டை மீனவக் குப்பங்களின் மக்களுக்கு உணவும் இடமும் தந்தனர். நாகூர் தர்காவின் நிலத்தில் சமய வேறுபாடின்றி உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. கோயில் மண்டபங்களும் தேவாலயக் கூடங்களும் பள்ளிவாசல்களும் ஏதிலியர் தங்குமிடங்களாயின.

ஆனால் வரலாறு முகத்துதி செய்வதன்று. அதே ஆழிப்பேரலைக்குப் பின் தங்குமிடங்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதையும், உணவிலும் நீரிலும் வேற்றுமை காட்டப்பட்டதையும் ஆய்வறிக்கைகள் பதிவு செய்துள்ளன. தாது வருடத்திலும், பிறர் சமைத்த கஞ்சியை உண்டால் சாதி கெடும் என்று அஞ்சிப் பசியோடு கிடந்தோர் உண்டு. கஞ்சித் தொட்டி வைப்பதோடு அறம் முடிந்துவிடுவதில்லை. அத்தொட்டியின் முன் எவர் எவர் ஒரே வரிசையில் நிற்கலாம் என்பதிலேயே அது சோதிக்கப்படுகிறது. வடலூர்ச் சாலை 1867-இலேயே இதற்கு விடை கூறிவிட்டது. அவ்விடையை ஏற்பதில்தான் காலத்தாழ்வு நேர்ந்தது.

முடிவுரை

இன்று பருவமழையின் போக்கைச் செயற்கைக்கோள்கள் முன்கூட்டியே உரைக்கின்றன. 2007 முதல் இந்தியாவில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. 2021 நவம்பரில் கொசத்தலையாறு பெருகிப் பள்ளிப்பட்டு வட்டாரத்துத் தரைப்பாலங்கள் மூழ்கியபோது, மேலே அணையில் எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்பதே மக்கள் கேட்டறிந்த செய்தியாக இருந்தது. ‘ஏன்’ என்னும் வினாவின் பெரும்பகுதியை அறிவியல் ஏற்றுக்கொண்டுவிட்டது. சமயம் இதனால் இழந்தது ஒன்றுமில்லை. பழி சுமத்தும் பணி நீங்கியதால், தனக்கே உரிய பணியை அது முழுமனத்தோடு செய்யலாம்.

அப்பணி யாது என்பதை ஆடி மாதத்தில் தமிழ்நாட்டுத் தெருக்களில் காணலாம். விதைத்தது விளையாத, கையிருப்புக் கரைந்த மாதம் ஆடி. அம்மன் கோயில் வாசலில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, வந்தவர்க்கெல்லாம் வார்ப்பது வழக்கம். அம்மை நோய்க்கு அஞ்சித் தொடங்கிய வழிபாடு என்பாரும் உண்டு. காரணம் எதுவாயினும், கூழ் நிறைந்த குவளை மெய்யானது. மழைச்சோற்றில் கலந்த உப்பில்லாச் சோறும், வீழிமிழலையில் படிக்காசுக்கு வாங்கிய அரிசியும், நாவலரின் கஞ்சியும் இவ்வரிசையில் வருவனவே. பேரிடர் வரும்போது ஊர் ஒரு பாவியைத் தேடுமானால் அதற்கு வைக்கோற் பாவை ஒன்றே போதும். மனிதரைத் தேடும் கண்கள் பசித்திருப்பவரைத் தேடுவனவாக இருத்தல் வேண்டும்.